ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் குரல்கள்

கடைக்காரி மூன்று ரேடியோப் பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் எடுத்து வைத்துவிட்டு, யாரைக் கேட்பதற்கு வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள். அனோஜினி பதிலைக் காரில் வரும்போதே பாடமாக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு புரொஜெக்ட், தீயணைப்புப் படை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி. குரல் நடுங்காமல் வந்தது. பதினாறு வயதுக்குள் அவள் எத்தனையோ கவுன்டர்களுக்கு முன்னால் நின்று அப்பாவுக்காகவும் அம்மாவுக்காகவும் கதைத்தவள். கவுன்டர் ஒன்றைக் கண்டாலே அவளுடைய முதுகும் குரலும் தானாக நிமிர்ந்துவிடும்.

லவாலின் பெரிய சாலையோரம் டயர் மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. லொறிக்காரர் வாங்கும் ரேடியோக்கள், கூரையில் பூட்டும் அன்ரெனாக்கள், சுருள் சுருளாக வயர். கடைக்காரியின் சட்டையில் கத்தரின் என்று பெயர் குத்தியிருந்தது. காரோட்டி வந்த உரிமையில் பெரியப்பாவின் மகன் லக்ஷன் ஒரு வோக்கிடோக்கியை வாயருகே பிடித்து, "ஓவர், ஓவர், ரெண்டு கொத்துரொட்டி, ஓவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"லக்ஷண்ணா, அதை வைச்சிட்டு நில்லுங்கோ."

"இதுக்கு ஒரு பெட்டி வாங்கோணுமே? போன்ல ஒரு அப் போட்டாக் கேக்கலாமாம்."

"இரவில போனை அம்மா வாங்கித் தன்ர தலாணிக்குக் கீழ வைக்கிறவ."

"அது சரி. எங்கட சித்தியிட்டைப் பொலிஸ் தோத்துப்போம்."

கத்தரின் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக் காட்டினாள். முதலாவது மலிவு. ஆனால் எல்லா அலைவரிசையையும் கையாலே போடவேண்டும், அதோடு இந்தக் காலத்து டிஜிட்டல் பேச்சு அதில் வண்டு இரைகிற மாதிரித்தான் கேட்கும். இரண்டாவதில் எல்லாம் கேட்கும், ஆனால் முகம் முழுக்கப் பட்டன். அதனுடைய விளக்கப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கனத்தைக் காட்டிச் சிரித்தாள். மூன்றாவது ஒரு சின்னத் திரையோடு இருந்தது. போஸ்டல் கோட்டைப் போட்டால் போதும், சுற்றியுள்ள சேவைகளை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். தன்னுடைய புருஷன் வைத்திருப்பது இதுதான் என்றாள். அந்த மனிதனுக்கு மைக்ரோவேவில் கோப்பி சூடாக்கவே தெரியாதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, பொலிஸ் மட்டும் இப்போது எதிலும் கேட்காது, பூட்டி வைத்திருக்கிறார்கள், கர்ர் என்று ஓர் இரைச்சல்தான் வரும் என்றாள்.

"பொம்பியே காணும்," என்று அனோஜினி தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு, தீயணைப்புக்காரர் மட்டும் போதும் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

போஸ்டல் கோட் என்ன என்று கத்தரின் கேட்டு முடிப்பதற்குள் அவள் வாய் அதைச் சொல்லி முடித்திருந்தது. ஆஸ்பத்திரியில், நூலகத்தில், மின்சாரக் கணக்குத் திறக்கும்போது, ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வி வந்ததும் அப்பாவும் அம்மாவும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அருள் நிறைந்த மரியே செபம் மாதிரி யோசியாமலே வருகிற ஆறு எழுத்துகள். கத்தரின் அவற்றைத் தட்டினாள். பிறகு, தூரத்தைக் குறைத்து விடுகிறேன், இல்லாவிட்டால் ஊர் உலகத்துச் சத்தமெல்லாம் வந்து தலையிடிதான் மிஞ்சும் என்றாள். அனோஜினி தலையாட்டினாள். அவளுடைய மனம் அப்போது மொன்ட்ரியால்-நோரில், அப்பாவின் கடைப் பின்கதவில், அந்தக் கதவுக்கு உள்பக்கமாக விரித்துக் கிடந்த மடக்குக் கட்டிலில் நின்றது.

பாஸ்காத் திருநாளுக்கு முந்தின கிழமை இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவன் அப்பாவின் வயதுக்காரன், நல்ல கோட்டுப் போட்டிருந்தான். மற்றவன் லக்ஷனை விடக் கொஞ்சம் மூத்தவனாக இருக்கலாம். இந்தத் தெருவில் கடைகளுக்குக் கஷ்டம் வருகிறது, மாதாமாதம் கொஞ்சம் தந்தால் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று மூத்தவன் பிரெஞ்சில் அமைதியாகச் சொன்னான். அனோஜினி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா ஜெராட் கையைத் துடைத்துவிட்டு, "நான் மன்னாரிலயே ஒருத்தனுக்கும் கப்பம் கட்டேல்லை, இஞ்ச வந்து கட்டமாட்டன் எண்டு சொல்லு" என்றார். அவள் அதை, மன்னிக்கவேண்டும், அப்பாவால் இப்போது முடியாது என்று சொன்னாள். அவளுடைய பழக்கம் அது. ஆஸ்பத்திரியில் தாதி எரிந்து விழுந்தால், கொஞ்சம் இருக்கட்டாம் என்று அம்மாவிடம் சொல்வாள். அம்மா திட்டினால் நன்றி என்று தாதியிடம் சொல்வாள். ஒரு பக்கத்துச் சூடு மறுபக்கத்தைச் சுடாமல் நடுவில் நின்று ஆற்றி ஆற்றிக் கொடுத்தே வளர்ந்தவள்.

அன்று பின்னேரமே ஜெராட் லக்ஷனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் சொன்னார். எழுதி எடுத்தார்கள். கார் அந்தப் பக்கம் அடிக்கடி வரும் என்றார்கள். வரவும் செய்தது. ஆனால் அதே கிழமை அவர் நிலக்கீழ் அறையிலிருந்து மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு, இரவில் காவல் கிடக்கக் கடைக்குப் போனார். மனைவி றோஸ்மேரியிடம் வந்தவர்களைப் பற்றி மூச்சு விடாமல், முதல் நன்மைக்கு ஓடர் குவிந்துபோய்க் கிடக்குது, இரவிலயும் நிண்டாத்தான் சரி என்றார். பங்குக் கோயிலில் பாதிப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் முதல் நன்மைச் சடங்கு, வீட்டுக்கு வீடு விருந்து. ஆகவே அம்மா நம்பினாள். தலையணைக்குப் புதுஉறை போட்டும் கொடுத்தாள்.

இளையவன் திரும்பத் தனியாக வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரண்டு பற்றீஸ் வாங்கினான், காசைக் கொடுத்தான், மிச்சத்தை வேண்டாம் என்றான். ஒன்றைக் கடித்துக்கொண்டே அவளிடம் மெதுவாகப் பேசினான். உன் அப்பா இப்போது உள்ளேயே படுக்கிறார் போல. அது நல்லதில்லை என்று சொல்லு. நித்திரையில் இருக்கிற மனிதனுக்குப் புகை மணக்காது.

உள்ளே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற அப்பா, "என்னவாம் பிள்ளை?" என்றார்.

"பற்றீஸ் நல்லாயிருக்காம்."

"அப்ப நாளைக்கு வந்து ரோல்ஸையும் சாப்பிட்டுப் பாக்கச் சொல்லு."

இளையவன் காத்துக்கொண்டு நின்றான். அவள் "மெர்சி" என்றாள். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சட்டியில் பற்றீஸ் பொரிந்துகொண்டிருந்தது, முன்னால் ஒரு அக்கா குழந்தையோடு வரிசையில் நின்றாள், வாய் முந்திவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். வீட்டில் அம்மா இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் அப்பா கட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவாரா, அல்லது கத்தியொன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இன்னும் பிடிவாதமாகப் படுப்பாரா என்பதுதான் பிடிபடவில்லை. பதினான்கு வருஷம் மற்றவர்களுடைய குசினிகளில் கோப்பை கழுவிவிட்டு எடுத்த கடை. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. கடைசியில், சொல்வதற்குப் பதிலாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கடை இருக்கும் தெருவின் பெயர் தீயணைப்புப் படையின் ரேடியோவில் வந்தால் அந்த நிமிஷமே அப்பாவுக்குப் போன் அடித்து எழுப்பலாம். வீட்டு லைன் போன் குசினியில்தான் இருந்தது. ஓடினால் சில எட்டு.

அப்படித்தான் அந்தப் பெட்டி அவளுடைய போர்வைக்குள் வந்தது. ஒரு காதில் மட்டும் வயரைச் செருகிக்கொண்டு, அம்மாவின் அறைக்கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். திரையில் எண்கள் ஓடும், ஒன்றில் நிற்கும், ஒரு ஆணோ பெண்ணோ அவசரமே இல்லாத குரலில் ஒரு முகவரியைச் சொல்வார்கள். முதலில் பாதியும் விளங்கவில்லை. பிறகு காது பழகியது. ஷொமெடியில் சட்டி கருகின புகை. போன்-வியோவில் முதியோர் இல்லத்தில் தவறுதலாக அடித்த அலாரம். விமோனில் கதவு பூட்டுப்பட்டு உள்ளே ஒரு குழந்தை. ஒவ்வொரு இடத்தின் பெயரும் வர முன் மூச்சு நிற்கும். வந்ததும் விடும். எங்கட இடமில்லை. நன்றி மாதாவே. மொன்ட்ரியால்-நோர் என்ற பெயர் ஓரிரவும் வரவில்லை. தான் விழித்திருந்து கேட்பதால்தான் அது வரவில்லை என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு உண்டாகியிருந்தது. பல நாளுக்குப் பிறகு அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

ஒருநாள் அம்மா பிடித்துவிட்டாள். தண்ணீர் குடிக்க எழும்பி வந்தவள் போர்வைக்குள் வெளிச்சத்தைக் கண்டு இழுத்தாள்.

"ஆரோட கதைக்கிறாய் இந்த நேரத்தில?"

"ஒருத்தரோடயும் இல்லை அம்மா. கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

றோஸ்மேரி வயரைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். ஒரு ஆண்குரல். முகம் மாறியது. "ஆர் இவன்?"

"பொம்பியே அம்மா."

"பொம்பியேயோ. எத்தினை வயசு?"

அனோஜினிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பள்ளிக்கூட வேலை என்று விளங்கப்படுத்தினாள். அம்மா பாதி நம்பி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உந்தப் பொடியங்களுக்கும் இரவில நித்திரை இல்லை, பாவம்" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தாள், கை அவளுடைய காலில் கிடந்தது. "அம்மா," என்று தொடங்கினாள். "என்ன?" என்றாள் அம்மா. "ஒண்டுமில்லை. அப்பா எப்ப வீட்டில படுப்பார்?" "ஓடர் முடியட்டும் குஞ்சு," என்று சொல்லிவிட்டு அம்மா விளக்கை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெராட் வந்தபோது வழக்கமான எண்ணெய் மணம் அவரோடு வரவில்லை. உருகின பிளாஸ்ரிக்கின் மணம் வந்தது. ஜக்கெட்டைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுக் குசினிக்குள் வந்து தேத்தண்ணி கேட்டார்.

"கடைக்குப் பின்னால குப்பைப் பெட்டி ஒண்டு பத்தினது," என்றார் றோஸ்மேரியிடம், பால் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "ஆரோ சிகரெட்டைப் போட்டிருப்பாங்கள். மூண்டு பெரிய வண்டி வந்து நிண்டு றோட்டெல்லாம் சிவப்பாக் கிடந்தது. பின்கதவு கொஞ்சம் கருகிப் போச்சு, அவ்வளவுதான்."

"என்ர மாதாவே. நீங்கள் உள்ளுக்கையோ?"

"உள்ளுக்கைதான். பொம்பியேக்காரன் கதவில இடிச்சுத்தான் எழும்பினன்."

அனோஜினியின் கையில் பாண் துண்டு இருந்தது. "எத்தினை மணிக்கு அப்பா?"

"ஒரு மணி சொச்சம் இருக்கும்."

ஒரு மணிக்கு அவள் விழித்திருந்தாள். ஷொமெடியில் ஒரு கிழவி லிப்டுக்குள் மாட்டுப்பட்டிருந்தாள். அவளை இறக்கி முடியும் வரைக்கும் கேட்டுவிட்டு, மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

பாணை வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். இதுவரை திறந்து பார்க்காத பக்கங்களையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். ஒரு பக்கத்தில் அவர்களுடைய வீட்டுப் போஸ்டல் கோட். அதற்குக் கீழே லவால் என்ற ஒரேயொரு ஊரின் பெயர். அதற்கும் கீழே தூரம், இருக்கிறதிலேயே மிகக் குறைந்த அளவு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் லவால், தனி ஊர், தனித் தீயணைப்புப் படை; ஷொமெடியும் விமோனும் அதற்குள்தான். கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவள் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட இரவுகளில் அந்தப் பெயர் வரவில்லை என்றால், இந்தப் பெட்டியில் அது வரவே முடியாது என்பதால்தான். இத்தனை இரவும் அப்பா இல்லாத ஊரைக் காவல் காத்திருக்கிறாள். அப்பா அந்தப் பக்கத்தில் புகை மணக்காமல் கிடந்திருக்கிறார். கட்டிலில் இருக்க முடியவில்லை, நிலத்தில் இருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு எப்படித் திரும்பி வந்தாள் என்று தெரியாது. பின்னேரம் வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஜெராட் குளித்து, வேறு ஜக்கெட் போட்டு, ஒரு கக்கத்தில் தலையணையும் மறுகையில் கடைச் சாவியுமாக வாசலுக்கு வந்தபோது அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"விடு பிள்ளை, நேரம் போட்டுது."

"அப்பா, அண்டைக்கு வந்தவன் பற்றீஸ் நல்லாயிருக்கெண்டு சொல்லேல்லை."

"எவன்?"

"அந்த ரெண்டு பேரில இளையவன். பேந்து தனிய வந்தவன். நீங்கள் உள்ளுக்கை பொரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

அவள் சொன்னாள். இந்த முறை ஆற்றவில்லை. அவன் எந்தச் சொல்லை எந்தச் சொல்லுக்குப் பிறகு வைத்தானோ அப்படியே தமிழில் வைத்தாள். புகை மணக்காது என்ற இடத்தில் குரல் உடைந்தது, நின்று, திரும்பவும் அந்த வசனத்தை முதலில் இருந்து சொன்னாள். பெட்டியைப் பற்றியும் சொன்னாள். ஆற்றைப் பற்றியும் சொன்னாள். தலையணை அவருடைய கக்கத்திலிருந்து மெல்ல வழுகியது, அவர் அதைப் பிடிக்கவில்லை.

"நான் அவனை நாளைக்கும் வரச்சொன்னனான்," என்றார் கடைசியில்.

"நான் அதை அவனுக்குச் சொல்லேல்லை அப்பா."

அவர் குனிந்து தலையணையை எடுத்தார். "அப்ப பற்றீஸைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லையோ?"

"இல்லை."

"சாப்பிட்டவனோ?"

"ஒண்டை முழுக்கச் சாப்பிட்டவன்."

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்லமுடியாது. அப்போதுதான் இருவரும் றோஸ்மேரியைக் கண்டார்கள். குசினி வாசலில் ஈரக்கையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வந்து புருஷனுடைய கையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். அவர் விட்டுவிட்டார். மறுபடியும் குசினிக்குள் போய் அரிசி வாளியின் மூடியைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, சாவியை அடியில் புதைத்து மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"முதல் நன்மை ஓடர்," என்றாள்.

"றோஸ், கேளும்..."

"எரிஞ்சா எரியட்டும். நீங்கள் இருங்கோ."

"என்னெண்டு எரியட்டும் எண்டுறீர்? அது எங்கட கடை."

"தெரியும். நான்தான் அங்கை முதல் நாள் நிலம் கழுவினனான்."

லக்ஷன் வந்தான். பொலிஸுக்குப் போன் அடித்து அரைமணிநேரம் கதைத்தான், வழக்கமான பகிடி ஒன்றும் இல்லாமல். இன்றிரவு ஒருவரும் கடைக்குள் இருக்கக்கூடாது, கார் அந்தத் தெருவில் நிற்கும், நாளைக் காலையில் ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்து அனோஜினியிடம் நேரே கேட்பாள் என்று பொலிஸ் சொன்னதாம். இதைக் கேட்டதும் ஜெராட் மகளைப் பார்த்தார். "அவன் சொன்னதை அப்பிடியே சொல்லோணும். எனக்கு நோகும், ஆருக்கும் நோகும் எண்டு ஒரு சொல்லும் விடாதை." அவள் தலையாட்டினாள். "ஓமெண்டு வாயால சொல்லு." "ஓம் அப்பா."

பிறகு அவரே, "அந்தப் பெட்டியைக் கொண்டு வா" என்றார்.

குசினி மேசையில் வைத்தார்கள். காது வயரைக் கழற்றினாள். கடையின் போஸ்டல் கோட் யாருக்கும் பாடமில்லை. வீட்டுடையதை நித்திரையிலும் சொல்லக்கூடிய அவளுக்கும் இல்லை. லக்ஷன் மேசைக்கடியில் கிடந்த வெறும் ரோல்ஸ் பெட்டியொன்றை இழுத்து, மூடியில் அடித்திருந்த முகவரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். தட்டி முடித்ததும் மறுகரை முழுக்க ஒரேயடியாகக் குசினிக்குள் வந்து விழுந்தது. ஒருவர் மேல் ஒருவராகக் குரல்கள், அலாரங்கள், மெத்ரோ வாசலில் மயங்கி விழுந்த ஒருவர், எங்கோ மூன்றாம் மாடி, எங்கோ பின்சந்து. இவ்வளவும் இத்தனை இரவும் அங்கே நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கத்தரின் சொன்ன மாதிரி தலையிடிக்கிற சத்தம்தான். ஒருவரும் குறைக்கச் சொல்லவில்லை.

வெளியே வெயில் இறங்கி, யன்னல் நீலமானது, பிறகு கறுத்தது. லக்ஷன் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டான். ஜெராட் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தார். றோஸ்மேரி தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அவளுடைய முழங்கையில் இரண்டு மூன்று அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளும் வந்து இருந்தாள். "இப்ப என்ன சொல்லுறான்?" என்று ஒவ்வொரு குரலுக்கும் அப்பா கேட்டார். அனோஜினி சொன்னாள். நாய் ஒன்று பல்கனியில் மாட்டுப்பட்டிருக்காம். அடுப்பில சட்டியை விட்டிட்டுப் போட்டினமாம். ஒராள் மூச்சு விடேல்லையாம். அதையும் சொன்னாள்.

எண்கள் திரும்ப ஓடத் தொடங்கின. ஓடி ஓடி ஒன்றில் நின்றன. சின்னப் பச்சை விளக்கு பற்றியது. எங்கோ ஒரு மனிதன் பொத்தானை அழுத்திவிட்டு, தெருவின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் குசினியில் கேட்டது. அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது.